சித்திரைத் தண்ணீரைக் கணக்கிட்டு, தையில் பாத்தி போடுங்கள்!

50 சென்ட் காய்கறித் தோட்டம்... விதைக்கும் முன்பே கவனிக்க வேண்டிய வேலைகள்

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பார்கள். காய்கறி விவசாயிக்கு அந்த வழி மார்கழியிலேயே பிறந்தாக வேண்டும். தைப்பட்டத்தில் என்ன விளையும், எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் பெரும்பாலும் விதை மண்ணில் விழுவதற்கு முந்தைய 40 நாள்களிலேயே முடிவாகிவிடுகிறது.

நம் பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்த மாதங்களில் சந்தைக்குக் காய் போக வேண்டும் என்றால், தை மாதத்தில் செடி நிலத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு மார்கழியில் நாற்று வளர்ந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் எரு மக்கியிருக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால், வேலை கார்த்திகையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆடியில் விதைப்பவருக்கு முன்னால் மழைக்காலம் இருக்கிறது. தையில் விதைப்பவருக்கு மழைக்காலம் முடிந்துபோயிருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுக்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். அதன்பிறகு கிணற்றில் இருப்பதுதான் கையிருப்பு. நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் அது போனஸ். அதை நம்பிப் பயிர் வைக்க முடியாது.

இதனால்தான் தைப்பட்டக் காய்கறியில் ஒரே மாதிரியான இழப்பு பல ஊர்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. தையில் கிணறு ததும்புகிறது. அதைப் பார்த்து இருக்கிற நிலம் முழுவதிலும் நடுகிறார்கள். செடி வளர்ந்து, பூத்து, காய்க்கத் தொடங்கும் பங்குனியில் தண்ணீர் இறங்குகிறது. சித்திரையில் மோட்டார் அரை மணி நேரத்தில் காற்று வாங்குகிறது. விதை, உரம், உழவு, கூலி எல்லாம் செலவான பிறகு, காய் பறிக்க வேண்டிய நேரத்தில் பாதித் தோட்டத்தைக் காயவிட வேண்டியிருக்கிறது. நகையை அடகு வைத்துப் பயிர் வைத்த குடும்பத்துக்கு இது சின்ன இழப்பு இல்லை.

இதைத் தவிர்க்க முடியுமா? பெருமளவுக்கு முடியும். 50 சென்ட் நிலமும் ஒரு கிணறும் இருக்கிற, வீட்டில் இரண்டு பேர் உழைக்கிற ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு, சமவெளி மாவட்டங்களுக்கான தயாரிப்பு வேலைகளை வரிசையாகப் பார்ப்போம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளின் பருவமே வேறு என்பதால் அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

உழவுக்கு முன், விதைக்கு முன், முதலில் அளக்க வேண்டியது தண்ணீரை. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

போர்வெல் என்றால் 20 லிட்டர் வாளி ஒன்றைக் குழாயடியில் வையுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். வாளி 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 1 லிட்டர், மணிக்கு 3,600 லிட்டர். மோட்டார் தடையில்லாமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொண்டு பெருக்கினால் ஒருநாள் வரத்து கிடைத்துவிடும்.

திறந்த கிணறு என்றால் கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். வழக்கம்போல் இறைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தி, மட்டத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே நேரத்தில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று பாருங்கள். வட்டக் கிணற்றின் விட்டத்தை அடியில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் பரப்பளவு வரும். அதை 28.3-ஆல் பெருக்கினால், ஓர் அடி உயரத்தில் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். 20 அடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் என்பது சுமார் 8,900 லிட்டர். அரை அடி ஊறினால் ஏறக்குறைய 4,450 லிட்டர்.

அடுத்து, செடி எவ்வளவு குடிக்கும்? ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். பனிக்காலத்தில் நாள் ஒன்றுக்கு 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை தேவை என்று வைத்துக்கொண்டால், சென்ட்டுக்கு சுமார் 150 லிட்டர். வெயில் ஏறி, செடியும் முழுசாக வளர்ந்துவிட்டால் 5 மில்லிமீட்டராவது வேண்டும். அதாவது சென்ட்டுக்கு 200 லிட்டர். இது சொட்டுநீரில் சிக்கனமாகப் பாய்ச்சும்போது ஆகும் கணக்கு. வாய்க்கால் வழியாகப் பாய்ச்சினால் இன்னும் நிறையவே ஆகும்.

இப்போது நம் உதாரணக் குடும்பத்துக்கு வருவோம். தையில் நாளொன்றுக்கு 8,000 லிட்டர் கிடைக்கிறது. 50 சென்ட்டுக்கும் 150 லிட்டர் வீதம் 7,500 லிட்டர். தாராளமாகப் போதும். சித்திரையில் வரத்து பாதியாகக் குறைந்து 4,000 லிட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சென்ட்டுக்கு 200 லிட்டர் வேண்டும். வெறும் 20 சென்ட்டுக்குத்தான் போதும்!

தையில் 50 சென்ட்டைக் காப்பாற்றிய அதே கிணறு, சித்திரையில் 20 சென்ட்டைத்தான் காப்பாற்றும். எத்தனை சென்ட்டில் கோடைக் காய்கறி நடலாம் என்பதை அந்த 20 தீர்மானிக்கட்டும்.

உங்கள் கிணற்றில் சித்திரை வரத்து எவ்வளவு குறையும்? போன வருஷம் சித்திரையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று நினைவுபடுத்துங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேளுங்கள். கிணற்றுச் சுவரில் போன கோடையின் நீர்த்தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறைப் பரப்பு. பாறை இடுக்குகளில் தேங்கிய மழைநீர்தான் ஊற்றாக வருகிறது என்பதால், கோடையில் வரத்து குறைவது இயல்பு. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதற்காகக் கூடுதல் நேரம் ஓட்டினாலும், இல்லாத ஊற்று வராது.

மீதி 30 சென்ட்டை என்ன செய்வது?

சும்மா போட வேண்டியதில்லை. தண்ணீர் இருக்கும்போதே முடிந்துவிடுகிற பயிர்களை அங்கே வைக்கலாம்.

முளைக்கீரை, சிறுகீரை போன்றவை 25 நாள்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். 10 சென்ட்டை இரண்டாகப் பிரித்து, 5 சென்ட்டில் விதைத்து, 10 நாள் கழித்து அடுத்த 5 சென்ட்டில் விதைத்தால், மொத்தக் கீரையையும் ஒரே நாளில் பறித்து அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும் நிலை வராது. கோடைக் காய்கறி காய்ப்புக்கு வரும்வரை வீட்டுச் செலவுக்குக் கையில் காசும் புழங்கும். பாசிப்பயறு சுமார் 65 நாள், உளுந்து சுமார் 70 நாள். இரண்டுக்கும் குறைந்த பாய்ச்சல் போதும். தையில் விதைத்தால் பங்குனிக்குள் காய்ந்த நெற்றை எடுத்துவிடலாம். மண்ணில் தழைச்சத்தும் சேரும். 10 சென்ட் கீரைக்கும் 20 சென்ட் பயறுக்கும் என்று ஒதுக்கினால், வெயில் உச்சத்துக்குப் போகும் முன் அந்த 30 சென்ட்டும் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிடும்.

கோடைக்கான 20 சென்ட்டை இப்படிப் பிரிக்கலாம். கத்தரி 6 சென்ட், வெண்டை 5 சென்ட், தக்காளி 4 சென்ட், பீர்க்கன், பாகல், புடலைக்குப் பந்தல் 3 சென்ட், கொத்தவரை 2 சென்ட். தண்ணீர் கணித்ததைவிட மோசமாகக் குறைந்தால், கொத்தவரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். முதலில் எந்தப் பாத்தியைக் கைவிடுவது என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு எல்லாப் பாத்திக்கும் அரைகுறையாகத் தண்ணீர் விட்டால் எதுவுமே உருப்படியாகக் காய்க்காது.

பழைய செடியின் வேரைப் பாருங்கள்

முந்தைய பயிரைப் பிடுங்கும்போது வேரைக் கொஞ்சம் கவனியுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் நூற்புழுத் தாக்குதல் என்று அர்த்தம். அந்த இடத்தில் மறுபடியும் தக்காளியோ, கத்தரியோ வைத்தால் செடி வளராமல் சோம்பி நிற்கும். அங்கே கேந்திப்பூ எனப்படும் செண்டுமல்லியைப் போட்டால் நூற்புழு குறையும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த பாத்தியில் அடுத்து இன்னொன்றை வைப்பது, நோய்க்கும் பூச்சிக்கும் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. காய்ப்பு முடிந்த கத்தரிச் செடிகளை வரப்போரம் குவித்து வைக்கும் பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. தண்டு, காய்த் துளைப்பான் அங்கிருந்துதான் புதுச் செடிக்கு வருகிறது. பழைய செடிகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தி அழித்துவிடுவதே நல்லது.

மண் பரிசோதனை செய்வதற்கும் இதுதான் சரியான நேரம். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் 10 இடங்களிலாவது 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை நீக்கி, கடைசியில் அரை கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்துங்கள். மாவட்டத்தில் உள்ள வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். உரம் போட்ட பிறகு எடுத்துப் பயன் இல்லை. அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

எரு மக்கியிருக்கிறதா?

காய்கறிக்கு ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் என்பது வழக்கமான பரிந்துரை. 20 சென்ட்டுக்கு 2 டன். அளவைவிட முக்கியம், அது மக்கியிருக்கிறதா என்பது. குவியலுக்குள் கையை விட்டால் சூடு இருக்கக் கூடாது. சாண வாடை அடிக்கக் கூடாது. மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். வைக்கோலும் சாணமும் தனித்தனியாகத் தெரியக் கூடாது. மக்காத எருவைப் போட்டால் களை விதை, வேர்ப்புழு, கரையான் எல்லாவற்றையும் நாமே கொண்டுவந்து வயலில் இறக்கிய மாதிரி ஆகிவிடும்.

வேரழுகல், வாடல் நோய்கள் வரும் தோட்டம் என்றால் டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் இரண்டையும் ஏக்கருக்கு 1 கிலோ வீதம் மக்கிய எருவில் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் மூடி வைத்து 10 முதல் 15 நாள் கழித்துப் போடலாம். இவை உயிருள்ளவை என்பதால் ரசாயனப் பூஞ்சணக்கொல்லியோடு கலக்கக் கூடாது. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கை கடைசி உழவில் சேர்ப்பதும் பயன் தரும்.

எருவே கிடைக்காத ஊர்களுக்கு, பசுந்தாள் உரம்தான் வழி. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த பலதானிய விதைப்பும் இந்த வகைதான். தக்கைப்பூண்டு, சணப்பு அல்லது பலவகைத் தானியக் கலவையை ஐப்பசி மழையில் விதைத்து, 45 நாள் வாக்கில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, இரண்டு வாரம் மக்கவிட்டால் தைக்கு நிலம் தயார். இந்த ஆண்டு தவறவிட்டவர்கள், பயறு எடுத்த 30 சென்ட்டில் கோடை மழை கிடைத்ததும் விதைத்து ஆடிப்பட்டத்துக்கு நிலத்தைத் தயாராக்கலாம்.

முளைக்க விட்டுக் களையெடுப்பு

மழைக்குப் பிறகு அவசரப்பட்டு ஈர நிலத்தில் டிராக்டரை இறக்க வேண்டாம். களிமண் கட்டி கட்டியாகக் காய்ந்து, கோடை முழுக்கத் தொல்லை தரும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் உழவுக்கு ஏற்ற பதம்.

உழுது, சுமார் 4 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி எடுத்து, நடுவில் ஓர் அடி நடைபாதை விடுங்கள். பாத்தி போட்டதும் நட்டுவிடாமல், ஒருமுறை தண்ணீர் விட்டு 10 முதல் 12 நாள் காத்திருங்கள். மேல்மண்ணில் இருக்கும் களை விதைகள் முளைத்து வரும். அவற்றை மண்ணை ஆழமாகக் கிளறாமல் மேலோட்டமாகச் செதுக்கி எடுத்துவிட்டுப் பிறகு நடவேண்டும். பின்னால் களையெடுக்கும் கூலியில் கணிசமான மிச்சம் இந்த 12 நாள் பொறுமையில் கிடைக்கும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள். கோரைக்கு மட்டும் இந்த வழி போதாது. கிழங்கைத் தோண்டி எடுத்தே ஆகவேண்டும்.

சொட்டுநீர்க் குழாய் ஏற்கெனவே இருந்தால், கடைசி முனையைத் திறந்துவிட்டு அழுத்தத்தில் கழுவுங்கள். ஒவ்வொரு பாத்தியிலும் முதல் துளை, கடைசித் துளை இரண்டின் அடியிலும் டம்ளர் வைத்து, ஒரே நேரத்தில் ஒரே அளவு நிரம்புகிறதா என்று பாருங்கள். எலி கடித்த இடங்களும் உப்படைத்த துளைகளும் அப்போது தெரிந்துவிடும். புதிதாகப் போடுபவர்களில் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவிகிதமும் மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் மானியம் இருக்கிறது. மானியத்துக்கு உச்சவரம்பும் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றோடு தோட்டக்கலைத் துறை அலுவலகத்தை அணுகலாம். விண்ணப்பம், ஆய்வு, பொருத்துதல் என நாளாகும் என்பதால், தைக்கு வேண்டுமென்றால் மழைக்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

மூடாக்குக்கு வேண்டிய வைக்கோல், கரும்புச் சோகை, உலர்ந்த இலைதழையையும் இப்போதே சேர்த்து வையுங்கள். பங்குனியில் தேடினால் கிடைக்காது. சென்ட்டுக்கு 200 லிட்டர் என்ற கணக்கைக் கொஞ்சமாவது இறக்கித் தரும் மலிவான வழி இதுதான்.

விதை: நூறு எண்ணிப் பாருங்கள்

விதை பாக்கெட்டில் முளைப்புத்திறன், பரிசோதனை செய்த தேதி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். தக்காளி, கத்தரிக்குக் குறைந்தபட்சம் 70 சதவிகிதமும், வெண்டைக்கு 65 சதவிகிதமும், மிளகாய்க்கு 60 சதவிகிதமும் முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது விதைச் சான்றுத் தரம். வாங்கிய விதையோ, வீட்டு விதையோ, 100 எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பில்லையும் காலி பாக்கெட்டையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். விதையில் குறை என்றால் புகார் கொடுக்க அவைதான் ஆதாரம்.

ரகம் தேர்வு செய்யும்போது, உங்கள் சந்தையில் எந்தக் காய்க்குக் கிராக்கி என்று கேளுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 தக்காளி, பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பி.எல்.ஆர். 1 கத்தரி போன்ற ரகங்களில் அடுத்த முறைக்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு விதையில் அது முடியாது. கத்தரியில் ஊருக்கு ஊர் ருசியும் நிறமும் வேறு. வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஒரு ஊரில் ஓடும் காய் பக்கத்து ஊரில் விலை போகாமல் நிற்கலாம்.

நாற்றங்காலுக்குத் தேதி குறியுங்கள்

தக்காளி நாற்று 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாளுக்கு மேல். வீட்டிலேயே குழித்தட்டில் வளர்க்கலாம், நாற்றுப் பண்ணையில் முன்பதிவும் செய்யலாம். எங்கே வளர்ந்தாலும் நாற்று வலைக்குள் வளர வேண்டும். தக்காளியில் இலைச்சுருட்டு, வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் இரண்டுமே வைரஸ். இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ. வெயில் ஏற ஏற அது பெருகும். நாற்றிலேயே வைரஸ் ஏறிவிட்டால் பின்னால் எந்த மருந்தும் காப்பாற்றாது. வெண்டையை நேரடியாக விதைப்பதால், நோய் தாங்கும் ரகத்தைப் பார்த்து வாங்குவது அவசியம்.

தக்காளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பகலிலும் இரவிலும் சூடு கூடினால் பூ கொட்டும், பிஞ்சு நிற்காது. அக்னி நட்சத்திரம் மே 4-ம் தேதி வாக்கில் தொடங்கும். அதற்குள் பெரும்பகுதிக் காயைப் பறித்துவிட வேண்டும் என்றால், மார்கழி முதல் வாரம் விதைத்து, தைப் பொங்கலை ஒட்டி நட்டாக வேண்டும். மாசி பாதியில் நட்டால், பூக்கும் நேரமும் வெயில் உச்சமும் நெருங்கி வந்துவிடும்.

காய்ப்புழுவைத் திசைதிருப்ப 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைக்கச் சொல்கிறார்கள் தோட்டக்கலை ஆய்வாளர்கள். நடும்போது தக்காளி நாற்றுக்கு 25 நாள் என்றால், செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும். எனவே தக்காளிக்கு 20 நாள் முன்பே, கார்த்திகையிலேயே செண்டுமல்லியை விதைக்க வேண்டும். அதேபோல, தோட்டத்தைச் சுற்றி வேலி மாதிரி இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ நடவுக்கு 15 முதல் 20 நாள் முன்பே விதைத்துவிட்டால், வெள்ளை ஈ பறந்து வரும்போது அது தடுப்பாக நிற்கும். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி என்ற கணக்கில் நம் தோட்டத்துக்கு 2 அல்லது 3 போதும். நட்ட அன்றே கட்டிவிடுங்கள்.

பந்தல் கால்களை ஆட்டிப் பார்த்து, கம்பியை இழுத்துக் கட்டும் வேலையையும் நடவுக்கு முன்பே முடியுங்கள். கொடி ஏறிய பிறகு பந்தல் சாய்ந்தால் நிமிர்த்தவே முடியாது. மயில் வரும் ஊர் என்றால், பழுக்கும் தக்காளிக்கு மேல் வலை வேண்டும். மயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. வலையும் மினுங்கும் ரிப்பனும்தான் நம்மால் முடிந்த தற்காப்பு.

பறிக்கப்போவது யார்?

தண்ணீருக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தைக் கவிழ்ப்பது ஆள் பற்றாக்குறை. வெண்டையை 45 × 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் 5 சென்ட்டில் சுமார் 1,500 செடிகள். 45 நாளுக்குப் பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் 1,500 செடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒருநாள் தவறினால் காய் முற்றி நாராகிவிடும். விடியற்காலையில், சுணை அரிக்க அரிக்க இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அதன்பிறகு சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மாடு எல்லாம் இருக்கின்றன. எத்தனை சென்ட்டில் வெண்டை போடுவது என்ற முடிவைப் பறிக்கப்போகிறவரைக் கேட்டு எடுங்கள். பங்குனி, சித்திரையில் பரீட்சை, திருவிழா, கல்யாணம் என்று எந்தெந்த நாளில் ஆள் கிடைக்காது என்பதையும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வீட்டு உழைப்புக்கும் கூலி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். விதை, எரு, உழவு, கூலி, வண்டி வாடகை என ஐந்து தலைப்பு போதும். அந்த நோட்டு இல்லாவிட்டால், கையில் வந்த காசெல்லாம் லாபமாகத் தெரியும்.

விற்கும் இடத்தையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். சிறிய தோட்டத்துக்கு உழவர் சந்தை நல்ல வாய்ப்பு. 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரையில் தொடங்கிய திட்டம் இது. இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கலாம். அதற்கு விவசாயி அடையாள அட்டை வேண்டும். காயைப் பறித்துக் கூடையில் வைத்துக்கொண்டு அட்டைக்கு அலைய முடியாது. நட்ட கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒரே பார்வையில் நாள்காட்டி

கார்த்திகை நடுவில்: செண்டுமல்லி விதைப்பு. கார்த்திகைக் கடைசி: தண்ணீர் அளவு, மண் மாதிரி, பழைய செடி அகற்றல்.

மார்கழி முதல் வாரம்: தக்காளி, கத்தரி நாற்று விதைப்பு, எருவில் நுண்ணுயிர் கலந்து மூடி வைத்தல், முதல் உழவு.

மார்கழி நடுவில்: எரு இறைத்துக் கடைசி உழவு, மேட்டுப்பாத்தி, சொட்டுநீர்க் குழாய் சோதனை, களை முளைக்கத் தண்ணீர் விடுதல், ஓரத்தில் மக்காச்சோளம் விதைப்பு.

மார்கழிக் கடைசி: முளைத்த களையைச் செதுக்குதல், பந்தல் சீரமைப்பு, மூடாக்குச் சேகரிப்பு, நாற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குதல்.

தை முதல் இரண்டு வாரம்: தக்காளி, கத்தரி நடவு, வெண்டை, கொத்தவரை, கொடிக்காய், பயறு விதைப்பு, கீரை முதல் பகுதி.

தை மூன்றாம் வாரம்: கீரை இரண்டாம் பகுதி, மூடாக்குப் போடுதல். உழவர் சந்தை அட்டை வாங்கியாகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

50 சென்ட் இருந்தும் 20 சென்ட்டில் மட்டும் காய்கறி நடுவது ஆரம்பத்தில் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பக்கத்துத் தோட்டம் முழுக்கப் பச்சையாக நிற்கும்போது, நம் தோட்டத்தில் பாதிக்கு மேல் வெறும் பயறும் கீரையும்தான் இருக்கும். ஆனால் எல்லாத் தோட்டமும் தண்ணீருக்குத் தவிக்கிற சித்திரையில், சந்தைக்குக் காய் வரத்து குறைகிற அந்த நேரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் கூடை நிறையக் காயோடு போவதற்கு உங்களிடம் 20 சென்ட் உயிரோடு இருக்கும். வாளியையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே கிணற்றடிக்குப் போய்விட்டு வாருங்கள்.